வீட்டிலேயே ஃபைன் ஆர்ட் போட்டோ அச்சிட எந்த இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கலாம்?

எடுத்த படத்தை நல்ல காகிதத்தில் தன் கையாலேயே அச்சிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தவர்களுக்கு அடுத்து வருவது குழப்பம்தான். கடையில் கேட்டால் ஒரு மாடல் எண்ணைச் சொல்வார்கள். பெட்டியில் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை இங்க் புள்ளி) கணக்கும் வேகமும் பெரிதாக அச்சிட்டிருக்கும். இந்த இயந்திரத்தோடு பல ஆண்டு வேலை செய்யப்போகிறவருக்குத் தேவையான விவரங்கள் அங்கே இருக்காது. எனக்கு அவை துண்டு துண்டாகத்தான் கிடைத்தன. பாதி கையேட்டின் கடைசிப் பக்கங்களில், மீதி காகிதத் தயாரிப்பாளர்களின் தளங்களில். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதால் முடிவெடுக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். எந்த மாடல் வாங்கலாம் என்பது எட்டாவது படியில்தான் வரும். நேராக அங்கே போய்விடாதீர்கள். முதல் ஏழுக்கும் உங்களிடம் பதில் இருந்தால் எட்டாவதில் பெரிய வேலையே இருக்காது.

1. எவ்வளவு அடிக்கடி அச்சிடுவீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இதுதான் முதல் கேள்வி. படத்தின் தரத்தைவிட இது முக்கியம். இங்க்ஜெட் பிரிண்டரில் இங்கைத் தெளிக்கும் பகுதியான ஹெட்டில் தலைமுடியைவிட மெல்லிய துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இயந்திரம் சும்மா கிடந்தால் அந்த நாசில்களில் இங்க் காயும். காய்ந்ததை எடுக்க இயந்திரம் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இங்க்தான் செலவாகும்.

வாரம் ஒரு படமாவது அச்சிடுவீர்கள் என்றால் தயங்காமல் வாங்கலாம். மாதம் இரண்டு மூன்று என்றால் வாங்கலாம். ஆனால் இடையில் சோதனைப் பக்கம் போடும் பழக்கம் வேண்டும். ஆண்டுக்குப் பத்துப் படம்தான் என்றால் வாங்காதீர்கள். நல்ல அச்சகத்தில் கொடுங்கள். அந்தப் பத்துப் படத்துக்கு இங்க், காகிதம், சுத்தம் செய்யப்போகும் இங்க் எல்லாம் சேர்ந்து அச்சகக் கட்டணத்தைத் தாண்டிவிடும். இதைச் சொன்னால் ஆர்வத்தைக் குலைப்பதாகத் தோன்றலாம். ஆனால் காய்ந்த ஹெட்டோடு மூலையில் கிடக்கும் பிரிண்டர்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கியவைதான்.

2. டை இங்கா, பிக்மெண்ட் இங்கா?

டை இங்க் திரவத்தில் முழுக்கக் கரைந்த சாயம். காகிதத்தின் மேல்பூச்சுக்குள் ஊறி இறங்கும். பளபளப்பான காகிதத்தில் நிறம் துள்ளலாகத் தெரியும், மேற்பரப்பு ஒரே சீராக இருக்கும். நாசில் அடைப்பும் ஒப்பீட்டளவில் குறைவு. பிக்மெண்ட் இங்கில் நிறம் நுண்ணிய துகள்களாகத் திரவத்தில் மிதக்கும். அச்சிட்டதும் துகள்கள் காகிதத்தின் மேலேயே தங்கும். ஒளியையும் காற்றிலுள்ள ஓசோனையும் அதிக காலம் தாங்கும். பளபளப்பில்லாத, பருத்தியால் செய்த காட்டன் மேட் காகிதத்தில் அதன் கறுப்பும் நிழல் விவரமும் டையால் எட்ட முடியாத அளவுக்கு நன்றாக வரும்.

படத்தை விற்கப்போகிறீர்கள், கண்காட்சியில் வைக்கப்போகிறீர்கள், மேட் காகிதம் பிடிக்கும், கறுப்பு வெள்ளை அதிகம் என்றால் பிக்மெண்ட்தான். வேறு யோசனை வேண்டாம். ஆல்பத்துக்கும் நண்பர்களுக்குக் கொடுக்கவும் பளபளப்புக் காகிதத்தில் நிறைய அச்சிடுவீர்கள் என்றால் டை போதும், செலவும் குறையும்.

"நூறு ஆண்டு மங்காது", "இருநூறு ஆண்டு மங்காது" என்ற வரிகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்த எண் ஒரு குறிப்பிட்ட இங்க், குறிப்பிட்ட காகிதம், குறிப்பிட்ட சூழ்நிலை மூன்றும் சேர்ந்தது. கண்ணாடி போட்ட சட்டமா, வெறுமனே சுவரில் ஒட்டியதா, இருட்டில் வைத்த ஆல்பமா என்று அடிக்குறிப்பில் இருக்கும். அதே இங்க் வேறு காகிதத்தில் வேறு ஆயுள் காட்டும். வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச், ஆர்டன்பர்க் இமேஜிங் ஆகிய இரண்டும் இந்தச் சோதனைகளைத் தொடர்ந்து செய்பவை. நீங்கள் நினைத்த இங்க்–காகித ஜோடியை அங்கே தேடிப் பாருங்கள்.

3. எத்தனை கறுப்பு, எத்தனை சாம்பல் என்று எண்ணிப் பாருங்கள்

"பத்து நிறம்", "பன்னிரண்டு நிறம்" என்று சொல்வதில் பாதி நிறமே அல்ல. கறுப்பு, சாம்பல், இளஞ்சாம்பல், இளஞ்சிவப்பு, இளநீலம் இவைதான் எண்ணைக் கூட்டும். அது ஏமாற்று இல்லை, தேவையானதுதான். மேகத்திலும் தோலிலும் மெல்லிய நிற மாற்றங்கள் புள்ளி தெரியாமல் வருவது இந்த வெளிர் இங்குகளால்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையோ சிவப்போ கலந்த சாயல் வராமல் காப்பதும் சாம்பல் இங்குகள்தான். சாம்பல் இங்க் ஒன்றுகூட இல்லாத நாலு நிற பிரிண்டரில் நடுநிலையான கறுப்பு வெள்ளை எடுக்கப் போராடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து, பிக்மெண்ட் பிரிண்டர்களில் இரண்டு கறுப்பு உண்டு. பளபளப்பு, லஸ்டர் (லேசான பளபளப்பு), பேரைட்டா (பேரியம் சல்பேட் பூச்சுள்ளது) காகிதங்களுக்கு போட்டோ பிளாக். காட்டன் ராக் போன்ற மேட் காகிதங்களுக்கு மேட் பிளாக். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. எப்சன் பி600, பி800 போன்ற முந்தைய மாடல்களில் இரண்டு கறுப்பும் ஒரே நாசில் வரிசையைப் பகிர்ந்துகொள்ளும். காகிதத்தை மாற்றும்போதெல்லாம் கறுப்பையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் சில மில்லி லிட்டர் இங்க் கழிவுத் தொட்டிக்குப் போகும், சில நிமிடமும் போகும். பி700, பி900, கேனான் ப்ரோ-300, ப்ரோ-1000 வகைகளில் இரண்டுக்கும் தனித்தனி நாசில். பழைய மாடல் சலுகை விலையில் கிடைக்கும்போது இதை முதலில் கேளுங்கள். ஒரே வகைக் காகிதத்தில் மட்டுமே அச்சிடுபவருக்கு இது ஒரு குறையே அல்ல.

4. அளவு: ஏ3+ஆ, ஏ2ஆ?

ஏ4 பிரிண்டரை இந்த வேலைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம். வீட்டு ஃபைன் ஆர்ட் பிரிண்டர்கள் இரண்டு அகலத்தில் வருகின்றன. ஒன்று 13 அங்குலம், அதாவது ஏ3+ (329 × 483 மி.மீ.). இன்னொன்று 17 அங்குலம், அதாவது ஏ2 (420 × 594 மி.மீ.).

உங்கள் கோப்பு தாங்குமா என்பதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் 6000 × 4000 படத்தை ஏ2 தாளின் நீளத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 256 பிக்சல் வரும். சுவரில் மாட்டிப் பார்க்கும் தூரத்துக்கு அது தாராளம். 300தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஏ2வுக்கு 35 மெகாபிக்சல் தேவை, ஏ3+க்கு 22 போதும். பெட்டியில் போட்டிருக்கும் 4800, 5760 போன்ற எண்கள் இங்க் புள்ளி விழும் நெருக்கத்தைச் சொல்பவை. படத்தின் பிக்சலோடு அதை ஒப்பிட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது மேசையைப் பற்றி. எப்சன் பி700 சுமார் 12.6 கிலோ, பி900 சுமார் 15.4 கிலோ, கேனான் ப்ரோ-300 சுமார் 14.4 கிலோ. கேனான் ப்ரோ-1000 சுமார் 32 கிலோ. தூக்க இரண்டு பேர் வேண்டும். எடையோடு ஆழத்தையும் பாருங்கள். தாள் பின்னால் நிற்கவும் முன்னால் வந்து விழவும் இடம் வேண்டும். முன்பக்கமிருந்து தடித்த தாளைச் செருகும் மாடல்களில் தாள் பின்பக்கமாக வெளியே நீண்டு வந்துதான் திரும்பும், ஆகவே சுவரை ஒட்டி வைக்க முடியாது. மேசையை அளந்துவிட்டு, கையேட்டில் "வைக்கும் இடம்" என்ற படத்தைப் பாருங்கள். இயந்திரத்தின் அளவு மட்டும் போதாது.

5. பெட்டி விலையை மறந்து, முதல் ஆண்டுச் செலவைப் போடுங்கள்

இந்தப் படியில் நிதானமாக உட்காருங்கள். ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: பிரிண்டர், இங்க், காகிதம், பராமரிப்புத் தொட்டி, நிறம் அளக்கும் கருவி.

முதலில் இங்க். ஒரு முழு செட் கார்ட்ரிட்ஜின் விலையை அதன் மொத்த மில்லி லிட்டரால் வகுத்துப் பாருங்கள். வெவ்வேறு பிரிண்டர்களை நேருக்கு நேர் ஒப்பிட ஏற்ற எண் அதுதான். கேனான் ப்ரோ-300இன் கார்ட்ரிட்ஜ் 14.4 மி.லி., பத்து வேண்டும். எப்சன் பி700க்கு 25 மி.லி., பி900க்கு 50 மி.லி., இரண்டிலும் பத்து. கேனான் ப்ரோ-1000க்கு 80 மி.லி., பன்னிரண்டு. சிறிய கார்ட்ரிட்ஜ் மலிவாகத் தெரியும், ஆனால் மில்லி லிட்டர் கணக்கில் பெரும்பாலும் அதுதான் அதிக விலை. ஒரு 80 மி.லி. கார்ட்ரிட்ஜ், 14.4 மி.லி. கார்ட்ரிட்ஜைப்போல மூன்று மடங்கு விலை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மில்லி லிட்டருக்கு அது ஏறத்தாழ பாதி விலைதான் ஆகும். அதனால்தான் நிறைய அச்சிடுபவருக்கு விலை கூடிய 17 அங்குல பிரிண்டர் ஓரிரு ஆண்டில் லாபமாக மாறிவிடும். குறைவாக அச்சிடுபவருக்கு இது பொருந்தாது. பெரிய கார்ட்ரிட்ஜ் திறந்து மாதக்கணக்கில் கிடக்கும். திறந்த கார்ட்ரிட்ஜை ஆறு மாதத்துக்குள் முடிப்பது நல்லது என்று எப்சன் சொல்கிறது.

ஒரு படத்துக்கு எவ்வளவு இங்க்? திட்டமிட மட்டும், முழு ஏ4 படத்துக்குச் சுமார் 1 மி.லி. என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏ3+ பரப்பு ஏ4ஐப்போல இரண்டரை மடங்கு, ஏ2 நான்கு மடங்கு. இருண்ட படம் அதிகம் குடிக்கும். இதற்கு மேல் சுத்தம் செய்யும் இங்கைச் சேருங்கள். குறைவாக அச்சிடுபவருக்குச் சில மாதங்களில் அது படத்துக்குப் போன இங்கையே தாண்டிவிடலாம்.

"ஒரு கார்ட்ரிட்ஜுக்கு இத்தனை பக்கம்" என்ற எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது பெரும்பாலும் எழுத்தும் சின்னப் படங்களும் கொண்ட அலுவலகப் பக்கங்களை வைத்து எடுத்தது. ஓரம் முதல் ஓரம் வரை நிறம் நிறைந்த போட்டோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போட்டோவுக்கென்று தனியாகக் கொடுத்த எண்ணைத் தேடுங்கள்.

இரண்டாவது பொறி, பெட்டிக்குள் வரும் முதல் செட் இங்க். "இங்க் செட் இலவசமாக உள்ளேயே இருக்கிறது" என்று விற்பவர் சொல்வது உண்மைதான். ஆனால் இங்க் குழாய் வழியாக ஹெட்டுக்குப் போகும் மாடல்களில் அந்தக் குழாய்களை நிரப்பவே கணிசமான பங்கு போய்விடும். முதல் நாள் நிரப்பி முடித்ததும் சில நிறங்கள் பாதியளவில் காட்டும். அது கோளாறு அல்ல. அதே போன்ற நிரப்பல் மறுபடி வராது. ஆனால் முதல் மாதத்துக்குள்ளேயே இரண்டு மூன்று கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டிவரலாம் என்று இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

பராமரிப்புத் தொட்டி என்பது கழிவு இங்க் சேரும் பெட்டி. நிறைந்ததும் பிரிண்டர் நின்றுவிடும். அதை நாமே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். மலிவான வீட்டு பிரிண்டர்கள் சிலவற்றில் அது உள்ளே பதித்த பஞ்சு. நிறைந்தால் சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்க வேண்டும். வாங்கும்போதே உபரியாக ஒரு தொட்டி வாங்கிவிடுங்கள், அது நிறைவது எப்போதும் அவசர நேரத்தில்தான்.

காகிதச் செலவைப் பலர் எழுதுவதே இல்லை. நல்ல காட்டன் காகிதத்தில் ஒரு தாளின் விலை அதில் விழும் இங்கின் விலையைவிட அதிகமாக இருப்பது சாதாரணம். அதோடு, கையில் திருப்தியாக ஒரு படம் வருவதற்குள் இரண்டு தாள் சோதனைக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளி நிறுவனங்களின் இங்க் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேமிப்பு கண்கூடாகத் தெரியும். ஆனால் காகிதத் தயாரிப்பாளர் தரும் ப்ரொஃபைல்கள் (அந்தப் பிரிண்டரில் அந்தக் காகிதத்தில் நிறம் எப்படி வரும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்புகள்) எல்லாம் அசல் இங்குக்குச் செய்தவை, ஆயுள் சோதனைகளும் அப்படியே. படத்தை விற்பவர் வாங்குபவருக்கு உறுதி சொல்ல வேண்டியவர். அவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே சரி.

6. காகிதத்தை முதலில் தேர்ந்தெடுங்கள், பிரிண்டர் அதைத் தாங்குமா என்று பாருங்கள்

காகிதத் தயாரிப்பாளர்கள் மாதிரித் தொகுப்பு விற்கிறார்கள், வகைக்கு ஓரிரு தாள் இருக்கும். பிரிண்டர் வாங்குமுன்பே ஒரு தொகுப்பை வாங்கித் தொட்டுப் பாருங்கள். முடிந்தால் அச்சகத்தில் ஒரே படத்தை ஒரு மேட், ஒரு பேரைட்டா இரண்டிலும் போட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்களுக்கு எது வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வகைகள் சுருக்கமாக: ரெசின் பூசிய லஸ்டர், க்ளாசி காகிதங்கள் மலிவு, பழகுவதற்கு ஏற்றவை. பேரைட்டாவில் கறுப்பு ஆழமாக வரும். பழைய இருட்டறை பிரிண்டின் தோற்றம் கிடைக்கும். ஹானமூலேயின் போட்டோ ராக் 308 போன்ற நூறு சதவீதக் காட்டன் மேட் காகிதங்களில் ஒளிப் பிரதிபலிப்பு இருக்காது, ஓவியத் தாளின் தன்மை இருக்கும். கறுப்பு அவ்வளவு ஆழமாக இருக்காது. திரையில் கரும்பள்ளமாகத் தெரிந்த நிழல் மேட்டில் சற்றுச் சாம்பலாகத் தெரிவது காகிதத்தின் இயல்பு, பிரிண்டரின் குறை அல்ல.

காகித விவரத்தில் ஒளிர்வூட்டி, அதாவது ஓபிஏ, சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது காகிதத்தை வெள்ளை வெளேர் என்று காட்டும். ஆண்டுகள் போகப்போக அந்த ஒளிர்வு குறைந்து காகிதம் மஞ்சளாகத் தெரியும். நீண்ட காலம் வைக்க வேண்டிய படத்துக்கு ஓபிஏ இல்லாத, இயல்பான வெள்ளைக் காகிதம்தான் என் தேர்வு.

அடுத்து தடிமன். சதுர மீட்டருக்கு 300 கிராமுக்கு மேற்பட்ட காகிதத்தை எல்லா பிரிண்டரும் எல்லா வழியாகவும் எடுக்காது. ப்ரோ-1000 0.7 மி.மீ. வரை, பி700உம் பி900உம் முன்வழியில் 1.5 மி.மீ. வரை ஏற்கும். அதோடு, சில மாடல்கள் ஆர்ட் காகிதம் என்று அமைத்ததும் தாளின் மேலும் கீழும் 25–30 மி.மீ. ஓரம் கட்டாயம் விடும். ஓரமில்லாமல் அச்சிட நினைப்பவர் இதை வாங்குமுன் கையேட்டில் பார்த்தாக வேண்டும். நீளவாக்கில் பனோரமா போடுபவர் ரோல் காகிதம் போடும் வசதியைக் கேளுங்கள். பி700இல் கூடவே வருகிறது, பி900க்குத் தனியாக வாங்க வேண்டும், ப்ரோ-1000இல் இல்லை.

7. வாங்குமுன் சேர்த்து வைக்க வேண்டிய ஆவணங்கள்

பணம் கட்டுவதற்கு முந்தைய வாரம் இவற்றை ஒரு கோப்புறையில் இறக்கி வையுங்கள்:

– பிரிண்டரின் முழுக் கையேடு. விளம்பரத் தாள் போதாது. அதில் காகித வகைப் பட்டியல், தடிமன் வரம்பு, ஓர அளவு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.
– நீங்கள் விரும்பும் காகிதத்துக்கு, அந்த மாடலுக்கென்றே உள்ள ஐசிசி ப்ரொஃபைல். அது இல்லையென்றால் காகிதத்தையோ பிரிண்டரையோ மாற்றுங்கள். வேறு மாடலின் ப்ரொஃபைல் உதவாது.
– அதே காகிதத்துக்கு டிரைவரில் (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) எந்த மீடியா வகையை, அதாவது காகித வகை அமைப்பை, தேர்ந்தெடுக்க வேண்டும் என்று காகித நிறுவனம் சொல்லும் குறிப்பு. ப்ரொஃபைலோடு சேர்ந்தே வரும்.
– உத்தரவாத விதிகள். ஹெட் சேருமா, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எப்சனில் ஹெட் மாற்றுவது சர்வீஸ் வேலை. ப்ரோ-1000இல் நாமே வாங்கி மாற்றலாம், ஆனால் அதன் விலையையும் கேட்டு வையுங்கள்.
– திருப்பித் தரும் விதி. இங்க் நிரப்பிய பிரிண்டரைப் பல கடைகள் திரும்ப எடுக்காது. இதைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

வாங்கியதும் பில், வரிசை எண், பதிவு செய்ததற்கான சான்று மூன்றையும் இதே கோப்புறையில் சேருங்கள்.

8. இப்போது மாடல்

ஏ3+ போதும், வாரம் ஓரிரு படம், மேட்டும் பேரைட்டாவும் இரண்டும் வேண்டும் என்பவருக்கு எப்சன் ஷ்யூர்கலர் பி700 அல்லது கேனான் இமேஜ்ப்ரோகிராஃப் ப்ரோ-300. பி700இல் ஊதா இங்க் உண்டு, ரோல் வசதி உண்டு. ப்ரோ-300இல் நிறமில்லாத குரோமா ஆப்டிமைசர் என்ற இங்க் பளபளப்புக் காகிதத்தில் மேற்பரப்பைச் சீராக்கும். கறுப்புப் பகுதியில் செம்பு போன்ற மினுக்கம் தெரிவதைக் குறைக்கும். கார்ட்ரிட்ஜ் சிறியது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அதிகம் அச்சிடுபவர், கண்காட்சிக்குப் போகிறவர், ஏ2 வேண்டும் என்பவர் எப்சன் பி900 அல்லது கேனான் ப்ரோ-1000 பார்க்கலாம். ப்ரோ-1000க்கு அடுத்ததாக 2024இல் ப்ரோ-1100 வந்துவிட்டது. இடமும் எடையும் பிரச்சினை என்றால் பி900. பெரிய கார்ட்ரிட்ஜும் கனமான கட்டுமானமும் வேண்டும், இடைவிடாமல் அச்சிடுவேன் என்றால் கேனான்.

டை போதும் என்று இரண்டாம் படியில் முடிவு செய்தவருக்கு எட்டு இங்க் கொண்ட கேனான் ப்ரோ-200 வகை, அல்லது பாட்டிலில் 70 மி.லி. இங்க் ஊற்றும் எப்சன் ஈக்கோடேங்க் இடி-8550. இரண்டும் ஏ3+. இடி-8550இல் ஒரு படத்துக்கான இங்க் செலவு மற்ற எல்லாவற்றையும்விட வெகு குறைவு. அதில் உள்ள பிக்மெண்ட் கறுப்பு ஆவணங்களுக்கானது. போட்டோ டை இங்கில்தான் வரும். ஒளிப்படம் அச்சிடக் கற்றுக்கொள்ள, தாராளமாகத் தாள் வீணாக்கிப் பழக, என் பார்வையில் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

பழைய பிரிண்டர் வாங்குவதென்றால் ஒரே விதி. உங்கள் கண் முன்னால் நாசில் செக், அதாவது எல்லா நாசிலும் வேலை செய்கிறதா என்று காட்டும் கோடுகள் கொண்ட சோதனைப் பக்கம், அச்சிட வேண்டும். கோடுகளில் ஒரு விடுபடலாவது இருந்து, ஒருமுறை சுத்தம் செய்தும் அது போகவில்லை என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

9. எப்போது வாங்குவது, பெட்டி வந்ததும் என்ன செய்வது

நீண்ட பயணத்துக்கு முன்னால் வாங்காதீர்கள். முதல் சில வாரம் தினமும் அச்சிட நேரம் இருக்கும் காலமாகப் பாருங்கள். கோளாறு இருந்தால் அப்போதே வெளிப்படும், திருப்பித் தரும் கெடுவுக்குள் சொல்லிவிடலாம்.

பெட்டியைத் திறந்ததும் அடிபட்டிருக்கிறதா என்று நான்கு பக்கமும் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். ஒட்டியிருக்கும் டேப்பை எல்லாம் எடுங்கள். சமதளத்தில் வையுங்கள். இங்க் நிரப்பும் முன்பே எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுங்கள், நிரப்பிய பிறகு சாய்க்கவோ அனுப்பவோ முடியாது. நிரப்பும்போது இடையில் மின்சாரம் போகக் கூடாது, மூடியையும் திறக்கக் கூடாது. அரை மணி நேரமாவது அதற்கென்று ஒதுக்குங்கள்.

மேக் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: பிரிண்டரைச் சேர்க்கும்போது அது தானாக ஆப்பிளின் பொது அச்சு முறையான ஏர்பிரிண்ட்டில் சேர்ந்துவிடும். அதில் மீடியா வகை, நிற மேலாண்மை அமைப்புகள் முழுமையாக வராது. தயாரிப்பாளரின் டிரைவரை இறக்கி நிறுவி, சேர்க்கும்போது அதையே தேர்ந்தெடுங்கள்.

10. முதல் நல்ல அச்சு

"பிரிண்ட் இருட்டாக வருகிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் பிரிண்டர் அல்ல, கண்ணைக் கூசும் மானிட்டர். நிறம் அளக்கும் கருவியால் மானிட்டரை அளந்து, வெளிச்சத்தை 80 முதல் 120 கேண்டெலா அளவில் வையுங்கள். அறை மங்கலாக இருந்தால் கீழ் எண்ணை ஒட்டி. கருவிக்குப் பணம் இல்லையென்றால் பிரிண்டர் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள் என்றே சொல்வேன்.

அச்சிடும்போது நிறத்தை ஒரே இடத்தில்தான் கையாள வேண்டும். மென்பொருளில் காகிதத்தின் ஐசிசி ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் டிரைவரில் நிற மேலாண்மையை நிறுத்துங்கள். இரண்டும் ஓடினால் படம் சிவந்தோ வெளிறியோ வரும். புதியவர்களின் தாளும் இங்கும் அதிகம் வீணாவது இங்கேதான். காகிதத்தில் வராத நிறங்களை எப்படி மாற்றுவது என்று சொல்லும் ரெண்டரிங் இன்டென்ட் அமைப்புக்கு ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனோடு தொடங்குங்கள். மிக அழுத்தமான நிறங்கள் ஒட்டிப்போய்ப் பட்டையாகத் தெரிந்தால் பெர்செப்சுவல் மாற்றிப் பாருங்கள். சாஃப்ட் ப்ரூஃப், அதாவது காகிதத்தில் எப்படி வரும் என்ற முன்னோட்டத்தைத் திரையில், பார்க்காமல் பெரிய தாளைப் போடாதீர்கள். முதலில் அதே காகிதத்தின் ஏ4 துண்டில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் ஏ2.

கறுப்பு வெள்ளைக்கு எப்சனில் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட், கேனானில் அதற்கான தனி முறை உண்டு. சாம்பல் இங்குகளை அதிகம் பயன்படுத்தி நிறச் சாயல் இல்லாமல் தரும். ப்ரொஃபைல் வழியையும் இதையும் ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். காய்ந்து நிறம் நிலைகொள்ளும் வரை தட்டையாகக் கிடக்கட்டும்; மறுநாள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போட்ட சட்டத்தில் வைப்பதற்கு முன் ஒரு முழு நாளாவது விடுங்கள். அவசரப்பட்டால் ஈரம் வெளியேறிக் கண்ணாடியின் உட்பக்கம் மங்கல் படியும்.

11. வாராந்தர வேலை

வாரம் ஒருமுறை நாசில் செக், அப்புறம் எல்லா நிறமும் இருக்கும் ஒரு சிறு படம். செக் சரியாக இருந்தால் சுத்தம் செய்யும் கட்டளையைத் தொடாதீர்கள். தேவையில்லாமல் ஓட்டுவது இங்கைக் கொட்டுவதுதான். விடுபடல் இருந்தால் சாதாரணச் சுத்தம் ஒருமுறை. அப்படியும் போகவில்லையென்றால் சில மணி நேரம் சும்மா விட்டு மறுபடி பாருங்கள். அடுத்தடுத்து பவர் கிளீனிங் (அதிக இங்க் செலவாகும் தீவிரச் சுத்தம்) ஓட்டுவது தொட்டியை நிறைக்கும், அடைப்பை எப்போதும் எடுத்துவிடாது.

அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஏசி காற்று நேராகப் படும் இடமும் வெயில் விழும் ஜன்னலோரமும் கூடாது. தூசி மூடி போட்டு வையுங்கள். பிரிண்டரை எப்போதும் அதன் சொந்த பட்டனில்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். சுவர் சுவிட்சில் அணைத்தால் ஹெட் திறந்த நிலையிலேயே நின்று காயும். சில மாடல்கள் மின்சாரம் திரும்பியதும் சுத்தம் செய்யத் தொடங்கும். சுவர் சுவிட்சின் மேல் "அணைக்க வேண்டாம்" என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், வீட்டில் மற்றவர்களுக்கும் தெரியும்.

காகிதத்தை அதன் உறையிலேயே, தட்டையாக வையுங்கள். காட்டன் தாளை அச்சிடும் முன் மென்மையான தூரிகையால் ஒருமுறை துடையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் இழை அச்சிட்ட பிறகு உதிர்ந்தால் அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி விழும். எந்தப் படம், எந்தக் காகிதம், எந்த ப்ரொஃபைல், எந்த மீடியா வகை, எந்தத் தேதி என்று ஒவ்வொரு சோதனைத் தாளின் பின்பக்கமும் பென்சிலால் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே படத்தை ஒருவர் கேட்டால், மறுபடி சோதிக்காமல் முதல் தாளிலேயே எடுத்துக் கொடுத்துவிடலாம்.